பாதிக் கதையில் அடித்த மணி

என் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பித்தளைக் கைமணி இருக்கிறது. மரப்பிடி போட்டது. பிடியில் ஒரு விரிசல். அதன்மேல் எலக்ட்ரீஷியன்கள் ஒட்டுகிற கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்துப் பைக்குள் போட்டுவிடுவேன். சத்தம் வராமலிருக்க ஒரு பழைய கைக்குட்டையை உள்ளே திணிப்பேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்கு நடந்து போகும்போது அது ஒரு தடவையாவது கிணுங்கி, பால் பூத்தில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இந்த மணியின்மேல் எனக்கிருந்த கோபத்தை முழுவதும் சொன்னால், இதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவள் நான்தானா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும்.

இந்த மணி சூப்பிரண்ட் சாருடையது. எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளிக்குப் பல வருஷம் அவர்தான் பொறுப்பு. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஜயநகரில் மகன் வீட்டில் இருந்தார். பழைய ஸ்கூட்டரில், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மணியை முன்பக்கக் கொக்கியில் மாட்டியபடி வருவார். சங்கு ஊதினால் வேலையை எடுப்பதும் சங்கு ஊதினால் வைப்பதுமாக ஆயுசில் பாதியைக் கழித்தவர், ஆண்டவருடைய வேலையையும் அப்படியே நடத்தினார். எங்களுக்குப் பின் அதே ஹாலில் ஆங்கில ஆராதனைக்காரர்கள் பாட்டுப் பயிற்சிக்கு வருவார்கள். அவர்கள் வாசலில் வந்து நிற்பதற்குள் நாங்கள் வெளியே இருக்க வேண்டும். பிள்ளைகள் எந்த இடத்தில் இருக்கிறார்கள், கதை எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், அடிப்பார்.

அதுவும் எந்த இடத்தில் அடிப்பார் என்கிறீர்கள்? கடலில் புயல் வந்து படகுக்குள் தண்ணீர் ஏறும்போது. ராட்சதன் ஈட்டியைத் தூக்கும்போது. சிங்கங்கள் அடைத்த கெபிக்குள் ஒரு நல்ல மனுஷனைத் தள்ளிக் கல்லை வைத்து மூடும்போது. நான் பிள்ளைகளுக்குப் பட அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருப்பேன். கணகணவென்று அவர் உள்ளே வருவார்.

“சார், ரெண்டே நிமிஷம். படகு கரைக்கு வந்துடும்.”

“அடுத்த வாரம் வரட்டும்மா. டைம் ஆய்த்து.”

அவ்வளவுதான். பிள்ளைகள் விட்டால் போதுமென்று ஓடிவிடுவார்கள். படகு ஒரு வாரம் தண்ணீரில் கிடக்கும். வாரம் முழுக்க வீட்டில் தோசை மாவு கரைக்கும்போதும் எனக்கு அந்தப் படகு ஞாபகம்தான். என் வீட்டுக்காரரிடம் புலம்பினால், “கதைய இன்னும் சுருக்கமா சொல்லேன்” என்பார். மாவு கரைக்கிறவளுக்கும் கதை சொல்கிறவளுக்கும் யோசனை சொல்ல எப்போதும் ஆள் இருக்கிறது.

நான் கொள்ளேகால் பக்கம் பிறந்தவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். சபையில் தமிழ் சரளமாக வாசிக்கிற பெண்களைத் தேடியபோது என்னைப் பிடித்தார்கள். ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று ஆயர் சொன்னார், நானும் நம்பினேன். கூப்பிட்டவர் சம்பளம் கேட்காதே என்று மட்டுமா சொன்னார், நாற்காலியும் கேட்காதே என்றுவிட்டார் போலிருக்கிறது. சபை நாற்காலிகளை யாராவது கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பிள்ளைகள் ஜமக்காளத்தில் உட்காருவார்கள். ஜமக்காளம் இல்லாத வாரம் வெறுந்தரை. நல்ல அறை ஆங்கில வகுப்புக்கு. எங்களுக்கு ஹாலின் பின் மூலை, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். கரண்ட் போனால் அது உறுமும், நான் கத்துவேன்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும், விளையாட்டில் கன்னடம். மனப்பாட வசனத்தை அம்மாக்கள் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஒப்பிப்பார்கள். தாளை வாங்கிவிட்டால் கூரையைப் பார்ப்பார்கள். நான் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் ஒருவன் இன்னொருவன் முதுகில் பிஸ்கட்டை நுணுக்கிக்கொண்டிருப்பான். அம்மாக்களோ வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே பிள்ளையை இறக்கிவிட்டு மட்டன் கடைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து, “முடிஞ்சுதா டீச்சர்? கறி கெட்டுப்போயிடும்” என்பார்கள். இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. வருஷக்கணக்காக ஒருத்தியும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. மூலையில் ஒழுகிய தண்ணீரில் என் பட அட்டைகள் ஊறிப்போயிருந்தன. அவற்றைத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டேன். ராஜாக்களும் மேய்ப்பர்களும் தலைகீழாகத் தொங்கினார்கள். அதைப் பார்த்து எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆண்டவரே, நீர்தான் கூப்பிட்டீரா, இல்லை நானாக வந்து மாட்டிக்கொண்டேனா என்று அங்கேயே கேட்டேன்.  அடுத்த ஞாயிறு சூப்பிரண்ட் சாரிடம் போய், அறுப்பின் பண்டிகை முடிந்ததும் என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வார்த்தை, ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே, “சரிம்மா. வேற ஆள் இல்ல. தமிழ் கிளாஸை எடுத்துட்டு இங்கிலீஷோட சேர்த்துடறோம்” என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அதைக் கேட்டபோது முதலில் மனதில் வந்தது என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஹனூர்ச் சிறுமிதான். எங்கள் கோவிலுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதில் வேலை செய்ய ஹனூர்ப் பக்கமிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. அதில் ஒரு தாய், கான்கிரீட் போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியும் இயந்திரமுமாக இருக்கிறது, பிள்ளையை உங்களோடு உட்கார வைத்துக்கொள்வீர்களா என்று ஒருநாள் வந்து கேட்டாள். அவர்கள் மாதேஸ்வரனைக் கும்பிடுகிறவர்கள். அதை அவளே முதலில் சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வந்தால் தூணில் சாய்ந்து உட்காருவாள், பேசமாட்டாள். கேட்கிறாளா தூங்குகிறாளா என்றே எனக்குத் தெரிந்ததில்லை. மற்றப் பிள்ளைகள் “ஆமேலே? ஆமேலே?” என்று, அப்புறம் என்ன என்பதைக் கன்னடத்தில் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு மறந்துபோவார்கள். இவள் அதுவும் கேட்டதில்லை. ஆங்கில வகுப்பில் இவள் என்ன செய்வாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் நானா சுமக்க வேண்டும் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

கடைசியாக நான் எடுத்த கதை, அண்ணன்மார் பொறாமைப்பட்டுத் தம்பியைக் குழியில் தள்ளிய கதை. அப்பா ஆசையாகத் தைத்துக் கொடுத்த அங்கியைக் கழற்றிக்கொண்டார்கள். தண்ணீரில்லாத குழி. உள்ளே தள்ளினார்கள். அவன் கத்துகிறான். அவ்வளவில் மணி. நான் வாதாடக்கூட இல்லை. அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயையும் வாழைத்தாரையும் ஏலம் விடுகிற சந்தடியில் ஞாயிறு பள்ளி கிடையாது. அதோடு என் வேலையும் முடிந்தது. அந்தப் பையன் குழியில் இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

பண்டிகை முடிந்த புதன்கிழமை, வெயில் இறங்கிய நேரம். நான் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அந்த ஹனூர்த் தாய் நின்றாள். கால் முழுக்கச் சிமெண்ட். பெண் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, எதிர்வீட்டு மணல் குவியலில், தலைத்துண்டை அவிழ்த்து உதறியபடி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். புருஷன் என்று தெரிந்தது.

“ஏனுங் டீச்சரம்மா, அந்தப் பையன் என்னானானுங்?”

“எந்தப் பையன்?”

“குழிக்குள்ள கெடக்கறானே, அவந்தானுங்.”

 கட்டடத்துக்குத் தோண்டிய குழியில் யாரோ பிள்ளை விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, எப்போ விழுந்தான், ஆம்புலன்ஸுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவள் திகைத்துப்போய்ப் பெண்ணைப் பார்த்தாள். அதுவரை நான் குரலே கேட்டறியாத அந்தப் பெண் நிமிர்ந்து, “அண்ணனுங்க சொக்காயக் கழட்டிட்டுத் தள்ளுனாங்கல்ல டீச்சர், அவன்” என்றது.

“போன வாரம் வந்தா பூசணிக்கா ஏலம் உட்டுட்டு இருக்கறீங்” என்றாள் தாய், குற்றம் சாட்டுகிற தொனியில். “இந்தப் புள்ள வாராவாரம் பாதிக் கதைய கொண்டாந்து ஊட்டுல போட்டுட்டு உக்காந்துக்கும். மிச்சத்த நாங்களே ஆளுக்கொண்ணு சொல்லிக்குவோம். போன தடவ சிங்கத்துக்கு வவுறு சரியில்ல, அதான் திங்கலன்னு இவரு சொன்னாருங். இந்தக் குழி சமாச்சாரம் வந்ததுலருந்து மனுசன் சரியாச் சோறு உங்கறதில்ல. நீயே போய்க் கேட்டுட்டு வா, எடுத்தாங்களா இல்லியான்னு ஒரே நச்சு.”

“நானெங்க நச்சுனேன்?” என்றது மணல் குவியல். “புள்ள கேட்டுது.”

நான் அவர்களை உள்ளே கூப்பிட்டேன். கால் அழுக்கு என்று வரமாட்டோம் என்றார்கள். ஆகவே கேட்டில் கையை வைத்து நின்றபடியே கதையைத் தொடங்கினேன். மணி அடிக்க யாரும் இல்லை. அதுவே எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. அந்த ஆள் மெல்ல எழுந்து கேட் வரைக்கும் வந்துவிட்டார். அவர் அஸ்திவாரம் தோண்டுகிறவராம். குழியில் தண்ணீரில்லை என்றால் மண் உதிரும், ஏறி வரப் பிடிமானம் இருக்காது என்று சொல்லிக்கொண்டார். தள்ளிவிட்ட அண்ணன்மார் மேலே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று நான் சொன்னதும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“இருங். அவன் உள்ள கத்தறான். இவனுங்க மேல ஒக்காந்து சோறு தின்னானுங்களா?”

“ஆமாங்க.”

“அப்படியே எழுதியிருக்குதா?”

“அப்படியேதாங்க.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லுங் என்றார். அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டார்கள் என்ற இடத்தை ஒரு மூச்சில் தாண்டிப் போயிருக்கிறேனே தவிர, அங்கே நின்றதில்லை. அன்றைக்குக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றேன். வியாபாரிகளிடம் விற்றது, சிறை, ராஜா கண்ட கனவு, பஞ்சம், தானியம் கேட்டு அதே அண்ணன்மார் வந்து நின்றது, தம்பி உள்ளறைக்குப் போய் அழுதது, முகம் கழுவிக்கொண்டு வந்து அவர்களுக்குப் பந்தி போடச் சொன்னது என்று சொல்லி முடித்தேன்.

“அவனுங்களுக்கே சோறு போட்டானா?”

“போட்டான்.”

அவர் துண்டை உதறித் தலையில் மறுபடி கட்டினார். பிறகு, “நானா இருந்தா போட மாட்டேன்” என்றார். பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். தாய் மட்டும் போகும்போது என் பக்கம் குனிந்து, “ஊருல இவருக்கும் மூணு அண்ணனுங்க இருக்கறாங்க டீச்சரம்மா. நாங்க சும்மாவா காட்ட உட்டுட்டு இங்க வந்து மண்ணு சொமக்கறோம்?” என்றாள். சற்று நடந்து, திரும்பி வந்து, “அடுத்த வாரம் ஏலம் ஒண்ணுமில்லியே?” என்று கேட்டாள். இல்லை, வகுப்பு இருக்கிறது என்று என் வாயே சொன்னது.

கீழே போட்ட துணியை எடுத்து மறுபடி அலசினேன். எனக்கு ஒரே கோபம். ஆண்டவரே, இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு, நான் விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகா ஆள் அனுப்புவது என்று கேட்டேன். ஆனாலும் அன்று துணி பிழிந்த என் கையில் ஒரு பலம் இருந்தது. அதை வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூப்பிரண்ட் சாரிடம் போய், நான் போகவில்லை, இருக்கிறேன் என்றேன். “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? கமிட்டில சொல்லிட்டேன். இப்ப திரும்ப நான் போய்ச் சொல்லணும்” என்று சலித்துக்கொண்டார். ஏன் மனம் மாறினேன் என்று சொல்லத் தொடங்கினேன். சுவாரசியமில்லாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டவர், ஹனூர்க்காரர் கையை நீட்டி என்னை நிறுத்திய இடம் வந்ததும் அடுக்குவதை விட்டு நிமிர்ந்தார். அப்போது அவர் கண் கடிகாரத்தில் பட்டது. “டைம் ஆய்த்து” என்று சொல்லி மணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவராகவே என் மூலைக்கு வந்தார்.

“அந்த ஆளு அப்புறம் என்ன சொன்னாரும்மா?”

“பாடம் ஆரம்பிக்கணும் சார். அடுத்த வாரம் சொல்றேன்.”

சபையில் பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஒரு வாரம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதற்கடுத்த வாரம் சொன்னேன். நானா இருந்தா போட மாட்டேன் என்ற வார்த்தையைக் கேட்டு, “ம்” என்றார். “அண்ணன்மாரைப் பார்க்க ஊருக்குப் போவாரா, மாட்டாரா?” என்று கேட்டார். எனக்கெப்படி சார் தெரியும் என்றேன். இதனால் எல்லாம் அவர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மணி அதே இடத்தில்தான் அடித்தது. செங்கடல் பிளந்த வாரம் பாதி ஜனம் கடலுக்குள் இருக்கும்போது அடித்தார்.

ஹனூர்ப் பெண் அந்தக் கட்டடம் முடிகிறவரை வந்தாள். பெயிண்ட் அடித்ததும் கொட்டகைகளைப் பிரித்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு வரவில்லை, பின்னால் போய்ப் பார்த்தால் அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. சாமராஜநகர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். அந்த மனுஷன் அண்ணன்மார் வீட்டு வாசலை மிதித்தாரா, அவர்கள் ஒரு வாய் சோறு போட்டார்களா, இவர் சாப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. தினமும் ஜெபத்தில் அவர்களைச் சொல்கிறேன். தெரியாத கதையின் நடுவில் நின்று ஜெபம் பண்ணுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சூப்பிரண்ட் சார் படுத்த படுக்கையாக இருந்தபோது விஜயநகருக்குப் போய்ப் பார்த்தேன். பேச்சு குறைந்துவிட்டது. ஆளைத் தெரிகிறதா என்று மருமகள் கேட்டாள். என்னைப் பார்த்துவிட்டு, “ஹனூர்க்காரர் ஊருக்குப் போனாரா?” என்றார்.

“தெரியல சார்.”

“நல்லா விசாரிச்சிருக்கணும்” என்று கடிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். திரும்பும்போது மருமகள் கறுப்பு டேப் சுற்றிய இந்த மணியை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். “நீங்களே கொண்டு போயிடுங்க ஆன்ட்டி. வீட்ல இருந்தா பேரன் அடிச்சே கொல்றான். மாமா அதக் கேட்டு டைம் ஆய்த்துன்னு எழும்பப் பாக்கறாரு” என்றாள்.

இப்போது ஞாயிறு பள்ளிக்கு நான் பொறுப்பு. வேறு ஆள் இல்லை என்பதால்தான். நாற்காலி இன்னும் கல்யாணத்துக்குப் போகிறது. ஜெனரேட்டர் இன்னும் உறுமுகிறது. பிள்ளைகளுக்கு இப்போது தமிழ் இன்னும் குறைவு. கடிகாரத்தைப் பார்ப்பதும் நான்தான், கதை சொல்வதும் நான்தான். போன ஞாயிறு மறுபடியும் அந்த அங்கி, அந்தக் குழி. தள்ளிவிட்டார்கள், அவன் கத்துகிறான், மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி நிறுத்தினேன். நேரத்தைப் பார்த்தேன். வாசலில் ஆங்கிலப் பாட்டுக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். நான் பையைத் திறந்து மணியிலிருந்து கைக்குட்டையை உருவினேன்.

“டீச்சர், அவன மேல தூக்கிட்டு அப்புறம் அடிங்க” என்றான் முன்வரிசையில் ஒருவன்.

“அடுத்த வாரம்” என்று சொல்லி அடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஓடினார்கள். ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது, எப்போதும் கறி கெட்டுப்போகும் என்று பறக்கிற ஒரு தாய், பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டிருந்தாள். கைப்பிடியில் கறிப்பை தொங்கியது. பிள்ளை அவள் முதுகைத் தட்டி, “அம்மா, அவன் இன்னும் குழிக்குள்ளயே இருக்கான்” என்றது.

அவள் ஸ்கூட்டரை அணைத்தாள்.

“யாருடா?” என்று திரும்பிக் கேட்டாள்.